அம்மாவுக்கு 30,000 ரூபாயில் கம்ப்யூட்டர்: புது லேப்டாப்பா, ஆபீஸ் பெட்டியா?

கேட்கப்பட்டது இதுதான். தஞ்சாவூரில் தனியாக இருக்கும் அம்மா, வயது 63, அரசு அலுவலகத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். தமிழில் எழுத வேண்டும், தெருக் கோயில் வரவு செலவை எக்செல்லில் போட வேண்டும், யூடியூபில் கச்சேரி கேட்க வேண்டும், சிங்கப்பூரில் இருக்கும் மகளோடு வீடியோவில் பேச வேண்டும். பட்ஜெட் 30,000 ரூபாய். கடையில் புது லேப்டாப் ஒன்றைக் காட்டுகிறார்கள், நண்பர் அசெம்பிள் செய்யச் சொல்கிறார், எதை எடுப்பது?

இரண்டும் வேண்டாம் என்பது என் பதில். ஆபீஸ்களில் ஓடி, கழற்றிச் சுத்தம் செய்து, வாரன்டியோடு திரும்ப விற்கப்படும் சின்ன டெஸ்க்டாப் பெட்டி ஒன்று, அதோடு புதிதாக ஒரு 24 இஞ்ச் மானிட்டர், கைக்கு வசமான கீபோர்டு, ஒரு யுபிஎஸ். இதை நான் சும்மா சொல்லவில்லை, சொந்தக்காரர்கள் வீடுகளில் ஐந்தாறு பேருக்கு இப்படி வாங்கி வைத்துக் கொடுத்திருக்கிறேன், அவற்றில் ஒன்றுகூட மூலையில் தூசி படிந்து கிடக்கவில்லை.

லேப்டாப் ஏன் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் முதலில் போய் நிற்பது அங்கேதான். 30,000க்குள் கிடைக்கும் புது லேப்டாப்பில் விலையைக் குறைக்க எங்கெல்லாம் கை வைத்திருப்பார்கள் தெரியுமா? திரையில், கீபோர்டில், ரேமில். அதாவது உங்கள் அம்மாவின் கண்ணும் கையும் படுகிற இடங்களில். என் சித்தப்பா ஒருவர் இரண்டு கோர் செலரான் என்ற மலிவு ப்ராசஸர், 4 ஜிபி ரேம், 64 ஜிபி இஎம்எம்சி என்ற மலிவு ஸ்டோரேஜ் என்று ஒரு புது லேப்டாப்பை நல்ல விலைக்குக் கிடைத்தது என்று வாங்கினார். ரேம் போர்டிலேயே பற்றவைத்தது, கூட்ட முடியாது. அந்த 64 ஜிபியில் பாதிக்கு மேல் விண்டோஸே எடுத்துக்கொண்டது, ஒரு வருஷத்துக்குள் அப்டேட் இறங்க இடமில்லை என்று தினமும் எச்சரிக்கை காட்ட ஆரம்பித்துவிட்டது. அவர் தனக்குத்தான் கம்ப்யூட்டர் வரவில்லை என்று நினைத்துக்கொண்டு அதை மூடி வைத்துவிட்டார். எனக்கு இதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. தப்பு பொருளில், பழியை அவர் தன்மேல் போட்டுக்கொண்டார்.

லேப்டாப் சரியாக இருக்கும் ஒரே சூழ்நிலை, அம்மா மூன்று மாதம் மகள் வீடு, மூன்று மாதம் மகன் வீடு என்று சுற்றிக்கொண்டிருந்தால். தஞ்சாவூரிலேயே ஒரு மேஜையில் உட்கார்ந்து எழுதப் போகிறவருக்கு அது தேவையில்லை. அசெம்பிள் செய்வதும் இந்தப் பட்ஜெட்டில் சரிப்படாது. கேபினெட், பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ், மதர்போர்டு என்று பணம் சிதறிப்போய் மானிட்டருக்கு மிஞ்சாது, வாரன்டியும் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி, ஏதாவது என்றால் அம்மா எந்தக் கடைக்கு எதைத் தூக்கிக்கொண்டு போவார்?

சரி, அந்தப் பெட்டி என்ன பெட்டி? டெல் ஆப்டிப்ளெக்ஸ் மைக்ரோ, லெனோவோ திங்க்சென்டர் டைனி, ஹெச்பி எலைட்டெஸ்க் மினி, இந்த மூன்று பெயர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். தடியான ஒரு புத்தகம் அளவுதான் இருக்கும், மானிட்டருக்குப் பின்னாலேயே மாட்டிவிடலாம். நிறுவனங்கள் இவற்றை நூற்றுக்கணக்கில் வாங்கி நாலைந்து வருஷம் ஓட்டிவிட்டு மொத்தமாகக் கழித்துவிடும். ஆபீஸில் பகல் முழுக்க ஓடுவதற்கென்றே செய்த சாமான், மூடியைத் திறந்தால் ரேமும், கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டியும் சுலபமாகக் கழற்றி மாட்டுகிற மாதிரி இருக்கும். சென்னை வர முடிந்தால் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் பார்க்கலாம், வர முடியாவிட்டால் ஜிஎஸ்டி பில்லும் குறைந்தது ஒரு வருஷ வாரன்டியும் எழுத்தில் தருகிறவரிடம் ஆன்லைனில் வாங்கலாம். பில் இல்லாமல் ஆயிரம் ரூபாய் குறைத்துத் தருகிறேன் என்றால் வேண்டாம்.

இனி கவனமாகப் படியுங்கள், ஏமாறுவது இங்கேதான். கடையில் "ஐ7 இருக்கு சார்" என்பார்கள். ஐ3, ஐ5, ஐ7 என்ற இன்டெல் ப்ராசஸர் பெயரைவிட அதற்குப் பின்னால் வரும் எண்தான் முக்கியம். ஐ7-2600 என்றால் முதல் எண் 2, அது இரண்டாவது தலைமுறை, 2011ல் வந்தது. ஐ5-8500 என்றால் எட்டாவது தலைமுறை, 2018ல் வந்தது, ஆறு கோர். ஐ5-10500 என்று ஐந்து இலக்கம் இருந்தால் முதல் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள், அது பத்தாவது. அம்மாவுக்கு வாங்குவது எட்டாவது தலைமுறைக்குக் கீழே போகவே கூடாது, அதற்கு வலுவான காரணம் இருக்கிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற வேண்டுமென்றால் இன்டெல்லில் அநேகமாக எட்டாவது தலைமுறையாவது இருக்க வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். அதனால் ஆறாவது, ஏழாவது தலைமுறைப் பெட்டிகள் மலிவாகக் கண்ணில் படும், அவற்றில் குறுக்கு வழியில் விண்டோஸ் 11ஐ ஏற்றியும் காட்டுவார்கள். அன்றைக்கு நன்றாகத்தான் ஓடும். பின்னால் பெரிய அப்டேட் ஒன்று ஏறாமல் நின்றால் தஞ்சாவூரில் அம்மா தனியாக என்ன செய்வார்? இன்டெல்லுக்குப் பதில் ஏஎம்டி ப்ராசஸர் என்றால் ரைசன் 3000 வரிசையோ அதற்கு மேலோ பாருங்கள்.

சில எண்களின் கடைசியில் டி என்ற எழுத்து இருக்கும், ஐ5-8500டி மாதிரி. அது குறைந்த மின்சாரத்தில் ஓடுகிற ரகம், 35 வாட் கணக்கு, சின்னப் பெட்டிகளில் பெரும்பாலும் அதுதான் வரும். வேகம் கொஞ்சம் குறைவு, அம்மாவின் வேலைக்கு வித்தியாசமே தெரியாது, வெயில் காலத்தில் பெட்டி சூடாகாமல் இருக்கும்.

ரேம் 8 ஜிபி கட்டாயம், 16 இருந்தால் சந்தோஷம். ஒரு விஷயம்: 2025 கடைசியிலிருந்து ரேம் விலை உலகம் முழுக்கத் தாறுமாறாக ஏறியிருக்கிறது, சிப் செய்கிற ஆலைகளின் உற்பத்தியை ஏஐ டேட்டா சென்டர்கள் அள்ளிக்கொண்டு போவதால். எனவே "இப்போதைக்கு 4 போதும், அப்புறம் கூட்டிக்கலாம்" என்று நினைக்காதீர்கள். தேவையான ரேம் உள்ளேயே இருக்கிற பெட்டியாக எடுங்கள். ஹார்டு டிஸ்க் வேண்டவே வேண்டாம், எஸ்எஸ்டி மட்டும்தான், 256 ஜிபி தாராளம். பழைய கம்ப்யூட்டர் ஆமை மாதிரி நகர்கிறது என்று நாம் சொல்வதில் பாதிக்கு மேல் அந்தச் சுழலும் டிஸ்க்கின் வேலைதான். வீட்டில் அரசுத் திட்டத்தில் பிள்ளைகளுக்குக் கிடைத்த பழைய லேப்டாப் கிடந்தால் அதிலும் எஸ்எஸ்டி மாட்டிப் பாருங்கள், இரண்டாவது மெஷினாக இன்னும் கொஞ்ச காலம் ஓடும்.

பெட்டியை வாங்கும் இடத்தில் அரை மணி நேரம் நின்று சோதித்துவிட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும். ஆன்லைன் என்றால் வந்த அன்றைக்கே, திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் செய்யுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் ப்ராசஸரின் முழுப் பெயரும், ரேம் எவ்வளவு, எத்தனை ஸ்லாட் காலி என்பதும் தெரிந்துவிடும், பெட்டி மேல் ஒட்டிய ஸ்டிக்கரை நம்ப வேண்டாம். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, எஸ்எஸ்டி இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியது, ஆரோக்கியம் எத்தனை சதவீதம் என்று அது சொல்லும். அப்புறம் செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ஆக்டிவேஷன். இந்த ரகப் பெட்டிகளில் பெரும்பாலும் விண்டோஸ் ப்ரோ உரிமம் மதர்போர்டோடு சேர்ந்தே வரும், டிஜிட்டல் உரிமம் என்று காட்டினால் நல்லது. அதற்குப் பதிலாக "உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை மூலம்" என்று வந்தால் திருட்டு விண்டோஸ் போட்டிருக்க வாய்ப்பு மிக அதிகம். அந்த வகை 180 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது, அதற்காகப் பெரும்பாலும் பின்னணியில் உரிமத்தை ஏமாற்றும் கிராக் நிரல் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். வங்கிக் கணக்கு திறக்கப் போகும் மெஷினில் அது இருக்கவே கூடாது.

இன்னொன்று, நான் அடிபட்டுத் தெரிந்துகொண்டது. ஒருமுறை வாங்கி வந்த பெட்டியில், எதற்கும் இருக்கட்டும் என்று விண்டோஸை அழித்துப் புதிதாக ஏற்றினேன். இன்டர்நெட் இணைத்த உடனே ஏதோ ஒரு கம்பெனியின் லோகோ வந்து, அலுவலகக் கணக்கில் நுழையச் சொல்லி நின்றுவிட்டது. பழைய முதலாளி நிறுவனம் அந்த மெஷினைத் தன் பட்டியலிலிருந்து நீக்காமலேயே விற்றிருக்கிறது. ஆட்டோபைலட் என்று இதற்குப் பெயர். கடைக்காரர் மாற்றிக் கொடுத்தார், ஆனால் இரண்டு வாரம் அலைச்சல். அதனால் இணையம் இணைத்த நிலையில் விண்டோஸை ரீசெட் செய்து காட்டச் சொல்லுங்கள், அல்லது ஆட்டோபைலட் பூட்டு வந்தால் மாற்றித் தருவேன் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். விண்டோஸுக்கு முன்பே வரும் பயாஸ் என்ற அடிப்படை செட்டிங்ஸுக்குள் போய்ப் பாஸ்வேர்டு கேட்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

பின்பக்கத் துளைகளையும் பாருங்கள். இந்தப் பெட்டிகள் சிலவற்றில் ஹெச்டிஎம்ஐ இருக்காது, டிஸ்ப்ளேபோர்ட் மட்டும்தான். வாங்கப்போகும் மானிட்டரில் எது இருக்கிறதோ அதற்கேற்ற கேபிள் வேண்டும். வைஃபை கார்டு இல்லாமல் வருவதும் சகஜம், யுஎஸ்பி வைஃபை டாங்கிள் ஒன்று போதும், ரவுட்டர் பக்கத்திலேயே மேஜை என்றால் அதுகூட வேண்டாம், ஒயரைச் சொருகிவிடுங்கள்.

மானிட்டரில் கஞ்சத்தனம் வேண்டாம். பழையது வேண்டாம், புதிது, 24 இஞ்ச், ஐபிஎஸ் வகைத் திரை, 1920க்கு 1080. 63 வயதுக் கண்ணுக்கு இந்த அளவும் இந்த ரெசல்யூஷனும் சேர்ந்தால்தான் எழுத்து இயல்பாகவே பெரிதாகத் தெரியும். கூடவே டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ஸ்கேலை 125 சதவீதம் வையுங்கள். அம்மா பைஃபோக்கலோ ப்ரோக்ரஸிவோ போடுகிறவர் என்றால் மானிட்டரை உயரத் தூக்கி வைக்காதீர்கள். படிக்கிற பவர் கண்ணாடியின் கீழ்ப்பகுதியில் இருக்கிறது. திரை உயரமாக இருந்தால் அவர் தாடையைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பார், ஒரு வாரத்தில் கழுத்து வலி என்பார், காரணம் யாருக்கும் புரியாது. திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே வரட்டும்.

இனி தமிழ். உங்கள் கேள்வியில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் அம்மா தட்டச்சர் என்பதுதான். எத்தனையோ வருஷம் யளனக என்று இடது கை நாலு விரலையும் வைத்து அடித்தவர் அவர். அந்த விரல்களிடம் போய் "அம்மா என்பதற்கு ஆங்கிலத்தில் ஏ அடி, எம் அடி" என்று சொல்லிக்கொடுப்பது அநியாயம். விண்டோஸ் 11லேயே தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது. 1999ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி அரசு தரப்படுத்தியது அது, புதிதாகக் கற்பவருக்கு அதைவிட நல்லது எனக்குத் தெரிந்து கிடையாது. ஆனால் அம்மா புதியவர் இல்லையே. தட்டச்சுப் பொறியில் கொம்பை முதலில் அடித்து அப்புறம் மெய்யை அடிக்க வேண்டும், "கொ" என்றால் கொம்பு, க, கால் என்ற வரிசை. தமிழ்99ல் க அடித்து ஒ அடிப்போம். இந்த வரிசை மாற்றம்தான் பழைய தட்டச்சர்களைப் படுத்துவது. என்ஹெச்எம் ரைட்டர், இகலப்பை என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள்கள் இரண்டிலும் பழைய தட்டச்சு முறையே இருக்கிறது. விரல் பழைய வரிசையில் அடிக்கும், திரையில் எல்லா மெஷினுக்கும் பொதுவான யூனிகோடில் சரியாக விழும், அதை அப்படியே வாட்ஸ்அப்பிலும் மெயிலிலும் அனுப்பலாம். இதை ஏற்றிக் கொடுத்தால் முதல் நாளே ஒரு பக்கம் அடித்துவிடுவார், பாருங்கள்.

அதனால்தான் கீபோர்டைப் பற்றி முதலிலேயே சொன்னேன். விசை நன்றாக உள்ளே இறங்கி எழும் முழு அளவு ஒயர் கீபோர்டாக வாங்குங்கள், முடிந்தால் அம்மாவையே கடையில் நாலு வரி அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மௌஸ் எதுவானாலும் சரி, ஒயர் உள்ளது, கையளவுக்குப் பெரியது. ஆபீஸில் வேலை செய்த காலத்து வானவில் எழுத்துருவில் அடித்த கோப்புகள் அவரிடம் இருந்தால், எழுத்துரு இல்லாத மெஷினில் திறக்கும்போது கண்டபடி ஆங்கில எழுத்தாகத் தெரியும். பயப்பட வேண்டாம், கோப்பு கெடவில்லை, எழுத்துரு மாற்றி மென்பொருளில் கொடுத்தால் யூனிகோடாகிவிடும்.

எக்செல்லுக்காகப் பணம் கட்ட வேண்டாம், கோயில் கணக்குக்கு லிப்ரே ஆபீஸ் போதும், இலவசம், எக்செல் கோப்புகளையும் திறக்கும்.

விண்டோஸுக்குப் பதில் இலவச லினக்ஸ் போடலாமே என்று யாராவது சொல்வார்கள். நான் லினக்ஸ் மின்ட் தினமும் பயன்படுத்துகிறவன், எனக்கு அது மிகவும் பிடிக்கும். ஆனால் பக்கத்து வீட்டுப் பையனோ தெருமுனைக் கடைக்காரரோ உதவிக்கு வந்து உட்கார்ந்தால் அவருக்குத் தெரிந்தது விண்டோஸ்தான். அம்மா தனியாக இருக்கிறார் என்பதால் விண்டோஸ் என்கிறேன், வேறு காரணமில்லை.

கரன்ட் விஷயம். டெஸ்க்டாப் என்றதும் எல்லோரும் இதைத்தான் கேட்பார்கள். 600 விஏ யுபிஎஸ் ஒன்று வாங்குங்கள். இந்தச் சின்னப் பெட்டியும் மானிட்டரும் சேர்ந்தே சாதாரண வேலைக்கு ஒரு பழைய குண்டு பல்பு எரிகிற அளவுக்குத்தான் மின்சாரம் எடுக்கும், புது பேட்டரியில் அரை மணி நேரம் வரை நிற்கும், அடித்ததைச் சேமித்து நிதானமாக அணைக்கலாம். பேட்டரியை இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிவரும், அதைச் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதில் யுபிஎஸ் மோட் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள், அதைப் போட்டால் கரன்ட் மாறும்போது பெட்டி அணையாமல் இருக்கும், யுபிஎஸ் காசு மிச்சம். மூன்று பின் பாயின்ட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள், பழைய வீடு என்றால் அவசியம். பெட்டியைத் தொட்டால் சுர்ரென்று அடிக்கிறது என்று சொல்லும் வீடுகளில் பெரும்பாலும் எர்த்தே இருக்காது.

என் கணக்கு இப்படி வரும்: பெட்டி 15,000, மானிட்டர் 8,500, யுபிஎஸ் 3,000, கீபோர்டு மௌஸ் 1,200, மைக்கோடு வெப்கேம் 1,500. மொத்தம் 29,200. ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் முன்னே பின்னே ஆகும். மிச்சமிருப்பதில் கேபிள். பட்ஜெட் இடித்தால் வெப்கேமைத் தள்ளிப் போடுங்கள், மகளோடு பேச போன் இருக்கிறதே. ஸ்பீக்கர் தனியாக வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள், மானிட்டருக்குள் இருக்கும் ஸ்பீக்கரில் கச்சேரி கேட்க முடியாது, வீட்டில் புளூடூத் ஸ்பீக்கர் கிடந்தால் ஒயர் போட்டு அதையே இணைத்துக்கொள்ளலாம். ஓய்வூதியத்துக்கான வாழ்நாள் சான்றுக்குக் கைரேகைக் கருவி வாங்கச் சொன்னார்கள் என்று எழுதியிருந்தீர்கள். ஜீவன் பிரமாண் என்ற அரசின் வாழ்நாள் சான்றுச் சேவையை முக அடையாளம் வழியாக ஆண்ட்ராய்டு போனிலேயே செய்ய வசதி இருக்கிறது. முதலில் ஓய்வூதிய அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அப்புறம் செலவு செய்யுங்கள்.

பெட்டி வந்ததும் நீங்கள் இரண்டு நாள் லீவு போட்டுத் தஞ்சாவூரில் இருங்கள், இதை மட்டும் தட்டிக்கழிக்காதீர்கள். அட்மின் கணக்கு உங்களுடையது, அம்மாவுக்கு அதிகாரம் குறைந்த சாதாரணக் கணக்கு. அவருக்குத் தெரியாமல் எதுவும் இன்ஸ்டால் ஆகாமல் இருக்க இதுவே பாதி காவல். பிரவுசரில் விளம்பரத் தடுப்பான் போடுங்கள், எந்தத் தளமும் நோட்டிஃபிகேஷன் அனுமதி கேட்க முடியாதபடி செட்டிங்ஸில் அடைத்துவிடுங்கள். "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்" என்று வந்து வயதானவர்களை நடுங்க வைப்பது பெரும்பாலும் அப்படித் தெரியாமல் கொடுத்த அனுமதிதான். தூரத்திலிருந்து உதவ விண்டோஸிலேயே க்விக் அசிஸ்ட் இருக்கிறது, நீங்கள் சொல்லும் குறியீட்டை அவர் அடித்தால் அவர் திரை உங்களுக்குத் தெரியும். அதே வழியைத்தான் மோசடிக்காரர்களும் பயன்படுத்துகிறார்கள். ஆகவே பிள்ளைகள் குரலைக் கேட்காமல் யாருக்கும் திரையைக் காட்டக் கூடாது என்று அம்மாவிடம் நேரில் உட்கார்ந்து சொல்லுங்கள். வீடியோவில் வந்து "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று மிரட்டுகிறவன் போலீஸே இல்லை, சட்டத்தில் அப்படி ஒன்று கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பணம் போய்விட்டால் உடனே கூப்பிட வேண்டிய சைபர் குற்ற உதவி எண் 1930. அதைப் பெரிய எழுத்தில் எழுதி மானிட்டருக்குக் கீழே ஒட்டிவிடுங்கள்.

டெஸ்க்டாப்பில் நாலே நாலு ஐகான் இருக்கட்டும்: எழுத, கணக்கு, யூடியூப், மகளோடு பேச. மிச்சத்தையெல்லாம் எடுத்துவிடுங்கள். இரண்டாம் நாள் நீங்கள் மௌஸைத் தொடாமல் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருங்கள், அவரே ஆன் செய்து, ஒரு பக்கம் அடித்து, சேமித்து, மூடி, மறுபடி அதைத் தேடித் திறக்கட்டும். எங்கே தடுமாறுகிறாரோ அதை மட்டும் ஒரு தாளில் தமிழில் அவர் கையாலேயே எழுதி வைக்கச் சொல்லுங்கள். பில்லையும் வாரன்டி தாளையும் அதே கவரில் போட்டு, போட்டோ எடுத்து உங்கள் போனிலும் வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.